எல்லையோர வகுப்பறைக்கு எந்தக் கதை?

2024 ஜூனில் பதினெட்டாவது மக்களவை கூடியபோது, கிருஷ்ணகிரித் தொகுதியிலிருந்து தேர்வான கே. கோபிநாத் தெலுங்கில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். தமிழ்நாட்டிலிருந்து போனவர் தெலுங்கிலா என்று வெளியூர்க்காரர்களுக்கு வியப்பு. அந்தத் தொகுதிக்குள் இருக்கும் ஓசூர்க்காரர்களுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. அங்கே தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்குகின்றன. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் நிறையக் கேட்கும். பாகலூர், பேரிகைப் பக்கம் தெலுங்கு. கிருஷ்ணகிரி நகரத்தில் தக்கணி உருது உண்டு. லம்பாடிகளின் பேச்சு தனி, மலையோர இருளர்களின் பேச்சு தனி. இவற்றுக்கு மேல், சிப்காட் வந்த பிறகு தொழிற்பேட்டையைச் சுற்றி எழுந்த லைன் வீடுகளில் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் சேர்ந்துகொண்டன.

இந்த ஊர்ப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்தக் கதைப் புத்தகங்களை வாங்கி வைப்பது? நூலகப் பொறுப்பு ஏற்கும் ஆசிரியருக்கு இது கடைசி வேலை. பட்டியல் வரும், புத்தகம் வரும், பதிவேட்டில் ஏற்றிப் பூட்டி வைத்தால் முடிந்தது. ஆனால் பதினொன்றிலிருந்து பதின்மூன்று வயதுக்குள்தான் பிள்ளைகள் தாங்கள் யார் என்பதைப் பிறர் வாயிலிருந்து முதன்முதலாகத் தெளிவாகக் கேட்கிறார்கள். உன் வீட்டில் என்ன பாஷை, நீங்கள் என்ன ஆட்கள், உன் அப்பா எந்தக் கம்பெனி, பெர்மனென்ட்டா கான்ட்ராக்டா. அந்தக் கேள்விகள் வந்து விழும்போது கையில் ஒரு நல்ல கதை இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு.

இந்த விவாதம் அமெரிக்காவில் அறுபது ஆண்டுகளாக நடக்கிறது. நியூயார்க்கின் மழலையர் பள்ளி ஒன்றில், படப்புத்தகத்தைப் புரட்டிய ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி இதில் வருபவர்கள் எல்லாரும் ஏன் வெள்ளைக்காரப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வியோடு தன் கட்டுரையைத் தொடங்கிய நான்சி லாரிக், 1965இல் ஒரு கணக்கை வெளியிட்டார். 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 சிறார் நூல்களை எடுத்துப் பார்த்ததில், கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை 6.7 விழுக்காடுதான். பிறகு 1990இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற கல்வியாளர், புத்தகம் பிள்ளைக்குக் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார்: தன்னைப் பார்த்துக்கொள்ள ஒன்று, பிறரைப் பார்க்க ஒன்று. உலகம் முழுவதும் ஆசிரியர்கள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். லாரிக் எடுத்தது போன்ற கணக்கு ஒன்று தமிழ்ச் சிறார் நூல்களுக்கும் வேண்டும்.

ஆனால் பிஷப்பின் உவமையை அப்படியே தூக்கிக்கொண்டு ஓசூருக்கு வந்தால் முதல் நாளே சிக்கல். கண்ணாடி எந்த மொழியில் இருக்க வேண்டும்?

அரசாங்கம் இந்தக் கேள்விக்குத் தன் வழியில் பதில் சொல்லியிருக்கிறது. வகுப்பில் பத்துப் பேரோ பள்ளியில் நாற்பது பேரோ இருந்தால் தாய்மொழியில் கற்பிக்க ஏற்பாடு வேண்டும் என்று 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்களின் மாநாடு முடிவெடுத்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது அரசமைப்பில் 350ஏ பிரிவு சேர்ந்தது. ஓசூர் வட்டாரத்தில் தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகள் அந்த மரபில் நடப்பவை. அவற்றுக்கான பாடநூல்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகமே அச்சிடுகிறது. 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. 2006-07இல் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பில் தமிழ் கட்டாயமானது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளின் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். ஆண்டுதோறும் விலக்குக் கேட்பதும் வாங்குவதுமாக ஓடி, 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம்கூட ஓராண்டு விலக்கு அளித்தது.

இந்த வழக்குகளின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. இரு தரப்பும் பிள்ளையை ஒரு மொழியாக மட்டுமே எண்ணின என்பதுதான் இங்கே பொருட்டு. எண்ணுவதற்கு மொழி வசதியானது, படிவத்தில் ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அப்படி அடங்குவதில்லை. அருந்ததியர் பலரின் வீட்டு மொழி தெலுங்கு; அவர்கள் கூலிக்குப் போகும் நிலத்துக்காரர்களில் பலரின் வீட்டு மொழியும் தெலுங்கு. கன்னடத்திலும் ஒக்கலிகர் வீடு ஒன்று, பட்டியல் சாதியினரின் காலனி வேறொன்று. மொழிச் சிறுபான்மை என்ற ஒரே பெயருக்குள் நிலம் உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றாகப் பதுங்கியிருக்கிறார்கள். 'தெலுங்குப் பிள்ளைகளுக்குத் தெலுங்குக் கதை' என்று பெட்டி கட்டி அனுப்பினால், எந்தத் தெலுங்குப் பிள்ளைக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தெலுங்கும் எந்தத் தெலுங்கு? விஜயவாடாவில் அச்சாகும் சிறார் இதழின் தெலுங்கும் சூளகிரி வீட்டுத் திண்ணையின் தெலுங்கும் ஒன்றல்ல. ஓசூரும் அதை ஒட்டிய கோலார்ப் பகுதியும் பழைய முரசுநாடு. அதன் தெலுங்கில் தமிழும் கன்னடமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. இந்தப் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடநூல் எவ்வளவு தூரமோ, அதில் பாதியாவது பாடநூல் தெலுங்கும் தூரம். சித்தூர்ச் சீமைப் பேச்சில் நாமினி சுப்ரமண்யம் நாயுடு எழுதிய சிறுவயதுக் கதைகள் இந்தப் பிள்ளைகளின் காதுக்கு நெருக்கமானவை. முரசுநாட்டுப் பேச்சிலேயே கதை எழுதித் தொகுப்பாக வெளியிட்டவர்களும் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கான அந்தக் கதைகளில் பன்னிரண்டு வயதுக்கு ஆகிவருபவற்றை எடுத்துத் தனியாக அச்சிட்டால், ஆந்திரத்திலிருந்து வரும் நூறு படப்புத்தகங்களைவிட அது இங்கே பயன்படும். தெலுங்கு எழுத்து தெரியாத, தமிழ்வழியில் படிக்கும் தெலுங்குப் பிள்ளைகளுக்கு அதையே தமிழ் எழுத்தில் அச்சிட்டால் என்ன? மொழி ஆர்வலர்களுக்கு இது பிடிக்காது. எழுத்தை விட்டால் மொழி போய்விடும் என்ற அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் லம்பாடிக்கும் இருளர் பேச்சுக்கும் பள்ளியில் புழங்கும் எழுத்து என்று தனியாக ஒன்று இல்லாத நிலையில், அந்தப் பிள்ளைகளின் பாட்டி சொன்ன கதைகளை அலமாரியில் ஏற்ற வேறு வழி என்ன இருக்கிறது?

தன்னைப் பார்த்துக்கொள்ளும் புத்தகம் தன் வீட்டு மொழியில்தான் இருந்தாக வேண்டும் என்பதுமில்லை. இதற்குத் தமிழிலேயே பெரிய சான்று கி. ராஜநாராயணன். வீட்டில் தெலுங்கு பேசியவர்; தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து காடு திருத்திக் குடியேறிய தம் மக்களின் கதையை 1976இல் 'கோபல்ல கிராமம்' என்று தமிழில் எழுதினார். அதைத் தமிழ் நாவல் அல்ல என்று எவரும் சொன்னதில்லை. அவருடைய 'பிஞ்சுகள்' என்ற குறுநாவலில், பறவைகளின் பின்னால் திரிகிற கரிசல் சிறுவன் ஒருவன் வருகிறான். ஏழாம் வகுப்புக்கு அளவெடுத்தது போன்ற புத்தகம் அது.

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கமும் இப்படி ஒருவர் உண்டு. பாகலூர் வழியாக வடக்கே போனால் மாலூர். அந்த வட்டத்தில் 1891இல் தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவர்தான் மாஸ்தி வெங்கடேச அய்யங்கார். கன்னடச் சிறுகதையின் முன்னோடி என்று கொண்டாடப்படுபவர்; 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்றவர். தெலுங்கு வீட்டுப் பையன் தமிழின் தலைசிறந்த கதைசொல்லி ஆனதையும், தமிழ் வீட்டுப் பையன் கன்னடத்தின் பெருமை ஆனதையும் ஓசூர்ப் பிள்ளைகளுக்கு ஒரே பீரியடில் சொல்லலாம். மொழி வழக்குகள் எதுவும் சொல்லாத ஒன்றை அது சொல்லிவிடும்.

கன்னடத்திலிருந்து வந்த நூல்களில் நான் முதலில் வைப்பது தலித் கவிஞர் சித்தலிங்கய்யாவின் தன்வரலாறு. பாவண்ணன் மொழிபெயர்ப்பில் 'ஊரும் சேரியும்' என்று தமிழில் கிடைக்கிறது. பெங்களூருக்கு மேற்கே மாகடி வட்டத்தில் பிறந்தவர் சித்தலிங்கய்யா. நூலின் தொடக்கத்திலேயே ஒரு காட்சி. நிலத்தில் உழவு நடக்கிறது. நுகத்தடியைத் தோளில் சுமப்பவை மாடுகள் அல்ல, இரண்டு மனிதர்கள். பின்னால் ஒருவர் ஏர் பிடித்து ஓட்டுகிறார். வேடிக்கை பார்க்கும் சிறுவனுக்கு, நுகத்தடியில் பூட்டப்பட்டவர்களில் ஒருவர் தன் அப்பா என்பது தெரிகிறது. அந்தப் பக்கத்தை வாசித்தபின் வகுப்பு சற்று நேரம் பேசாது. ஆனால் அதே நூலில் சேட்டையும் கேலியும் ஹாஸ்டல் கலாட்டாவுமாகச் சிரிக்கச் சிரிக்கப் பக்கங்கள் போகின்றன. இரண்டும் இருப்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன். அடையாளத்தைப் பேசும் சிறார் நூல்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட பிள்ளைக்கு அழுவதைத் தவிர வேலையே இல்லை. முஸ்லிம் பையன் ரம்ஜானுக்குப் பிரியாணி கொடுக்க மட்டும் கதைக்குள் வருகிறான், பழங்குடிச் சிறுமி காட்டை விட்டு வெளியே வருவதே கிடையாது. இப்படிப்பட்ட புத்தகங்களை 'பன்முகத்தன்மை' என்ற முத்திரையோடு வாங்கி அடுக்குவதைவிட வாங்காமல் இருப்பது நல்லது. அந்தப் பிள்ளைக்கு ஒரு சாதாரண நாள் அந்தக் கதையில் உண்டா என்று கேட்டுப் பார்த்தால் பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

சாதிக் கதைகளுக்கு ஆசிரியர்கள் சொல்லும் முதல் தடை வயது. 'சின்னப் பிள்ளைகள் சார், இப்பவே எதுக்கு?' என்பார்கள். இதற்குப் பதில் என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலிலேயே இருக்கிறது. எழுத்தாளர் பாமாவின் தன்வரலாற்றிலிருந்து ஒரு பகுதி அதில் பாடமாக உள்ளது. பள்ளி விட்டு வேடிக்கை பார்த்தபடி வீட்டுக்கு வரும் சிறுமி, ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் அதன் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடி அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. கை பட்டால் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்கி வந்தார் என்று விளக்குகிறான். அப்போது அவள் படித்தது மூன்றாம் வகுப்பு. எட்டு வயதில் ஒரு பிள்ளை பட்டுத் தெரிந்துகொண்டதை, பதினேழு வயதில் படித்தால் போதும் என்று பாடத்திட்டம் முடிவு செய்திருக்கிறது. கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்த 'பீமாயணம்' தமிழிலும் வந்திருக்கிறது. அதில் அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டுத் தண்ணீருக்குத் தவிக்கும் பீமனுக்கு, அதாவது சிறுவன் அம்பேத்கருக்கு, வயது பத்து. பட்டவர்களின் வயதே படிப்பவர்களின் வயதும் என்றால் நடுநிலைப் பள்ளி தாமதம்தான், அவசரம் இல்லை.

இங்கே சாதி ஏட்டுப் பேச்சும் அல்ல. 2018 நவம்பரில், சூளகிரிப் பக்கத்து ஊரைச் சேர்ந்த சாதி மறுப்புத் திருமணத் தம்பதி ஓசூரிலிருந்து கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. அதைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் பேசியதை அந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். பள்ளியில் எவரும் பேசியிருக்க மாட்டார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மணிக்கட்டில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இதே பொருளை விஷ்ணுபுரம் சரவணன் 'கயிறு' என்ற சிறுநூலில் கதையாக்கியிருக்கிறார். ஒரு பீரியடுக்குள் படித்து முடிக்கலாம், ஒரு டீ விலையை ஒட்டிய விலை. கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளி அலமாரிகளில் அது ஒரு பிரதியாக இல்லாமல் வகுப்புக்கு நாற்பதாக இருக்க வேண்டும்.

ஏன் நாற்பது என்றால், ஒற்றைப் பிரதிக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர் அதை எடுத்துக் காலனியிலிருந்து வரும் பையனிடம் கொடுத்து, 'இதைப் படிடா, உனக்குப் பிடிக்கும்' என்பார். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும். அந்தப் பையன் அந்த மாதம் முழுவதும் விண்வெளிக் கதைகள் தேடிக்கொண்டிருந்தவனாக இருக்கலாம். வீட்டைப் பார்த்துப் பிள்ளைக்கு ஒதுக்குவதற்கு ஒரு முன்கதை உண்டு. ஓசூருக்குக் கிழக்கே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, முதலமைச்சராக இருந்து 1953இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்: பாதி நாள் பள்ளி, மீதி நாள் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று நாடு கொதித்தது. அடுத்த ஆண்டு காமராசர் பதவிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. பிறந்த வீட்டைப் பார்த்துப் பிள்ளைக்குத் தொழில் ஒதுக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. பிறந்த வீட்டைப் பார்த்துப் புத்தகம் ஒதுக்குவதும் அதே வகையில்தான் சேரும்.

சாதி, மொழி அளவுக்குக்கூடக் கதைகளில் தென்படாத ஒன்று இந்த ஊரின் வேலை. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஷிஃப்ட் சைரனுக்கு எழுந்து படுக்கும் ஊர் ஓசூர். நைட் ஷிஃப்ட் அப்பா பகலில் தூங்குவதால் வீட்டில் சத்தம் போடக் கூடாத பிள்ளைகள், ரோஜாப் பண்ணையின் பாலிஹவுஸுக்கு விடியுமுன் போகும் அம்மாக்களின் பிள்ளைகள், கான்ட்ராக்ட் முடிந்ததும் நடு ஆண்டில் டி.சி. வாங்கிக்கொண்டு போகும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் அருகே ஐபோன் பாகங்கள் செய்ய வருவதை 2022இல் ஒன்றிய அமைச்சரே பெருமையாக அறிவித்தார். தமிழ்ச் சிறார் கதைகளின் உலகமோ இன்னும் பெரும்பாலும் கிராமத்துத் தோப்பும் பேசும் முயலுமாகத்தான் இருக்கிறது. ஆதவன் தீட்சண்யா, பா. வெங்கடேசன் என்று தீவிர எழுத்தாளர்கள் வாழும் ஊர்; அவர்கள் எழுதுவது பெரியவர்களுக்கு. மழலைக்கு எழுத ஆள் உண்டு, வளர்ந்தவர்க்கு எழுத ஆள் உண்டு, நடுவில் இருக்கும் பன்னிரண்டு வயது வெறுமையாகக் கிடக்கிறது.

பெண் பிள்ளைகளின் கதையில் இந்த வெறுமை இன்னும் உறுத்துகிறது. அஞ்செட்டி, தளி மலைக் கிராமங்களில் எட்டாம் வகுப்புக்குப் பிறகு தொடர்ந்து வரும் பெண்களின் எண்ணிக்கையைப் பற்றி அங்குள்ள எந்த ஆசிரியரைக் கேட்டாலும் பெருமூச்சு விடுவார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் துண்டறிக்கைகள் அந்தப் பள்ளிகளுக்குப் போகின்றன. திருமணப் பேச்சை வீட்டில் எதிர்கொள்ளும் ஒரு சிறுமி என்ன பேசினாள், யாரிடம் போனாள், பிறகு என்ன ஆனாள் என்று சொல்லும் கதைகளும் போக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் துண்டறிக்கையில் இருக்கிறது. அந்த எண்ணுக்கு முதல் அழைப்பைச் செய்யும் துணிச்சல் எப்படி வரும் என்பது கதையில்தான் கிடைக்கும்.

பணத்தின் நிலவரத்தையும் பார்க்க வேண்டும். 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளியின் அளவைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. பிஎம் ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திட மறுத்ததால் 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தபோது, நூலகம் போன்ற கடைசிச் செலவுகள்தான் முதலில் அடிபடும் நிலையில் இருந்தன. மாநில அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு நூல்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. நல்ல முயற்சி, மொழி எளிமை, அளவு கச்சிதம். ஆனால் சென்னையில் ஒரே பட்டியலாகத் தயாராகும் எதிலும் முரசுநாட்டுக்குத் தனி இடம் கிடைக்காது. உள்ளூர் ஆசிரியருக்கு நான்கில் ஒரு பங்குத் தொகையையாவது தாமே தேர்ந்தெடுத்து வாங்கும் உரிமை வேண்டும். பணமே இல்லாத இடத்தில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் உதவும். 2015 முதல் இயங்கும் அந்தத் தளத்தில் ஒரே கதை தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் கிடைக்கும். யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். துலிகாவின் இருமொழிப் புத்தகங்கள் சிறு வகுப்புகளுக்கானவை என்றாலும், வீட்டு மொழியையும் பள்ளி மொழியையும் ஒரே பக்கத்தில் பார்க்கும் மகிழ்ச்சி எட்டாம் வகுப்புக்கும் உண்டு. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புகளுக்குப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் 'தேன்சிட்டு' இதழில் பிள்ளைகளின் எழுத்துக்கு இடமிருக்கிறது. லைன் வீட்டின் கதையை எழுதக்கூடிய முதல் ஆள் அங்கே குடியிருக்கும் பிள்ளைதான்.

புத்தகம் வாங்குவதோடு தேர்வு முடிவதில்லை. சாதியைப் பேசும் கதையை அலமாரியில் வைத்துவிட்டு, வேண்டியவர்கள் எடுத்துப் படிக்கட்டும் என்று விடலாமா, வகுப்பில் வாய்விட்டுப் படிக்க வேண்டுமா என்பதில் ஆசிரியர்களிடையே இரண்டு கட்சி உண்டு. கதையில் வரும் வசைச்சொல் மறுநாள் விளையாட்டுத் திடலில் ஒலிக்கும் என்று முதல் கட்சி அஞ்சுகிறது. அந்தச் சொல் ஏற்கெனவே திடலில்தான் இருக்கிறது என்பேன். ஆகவே எல்லாருக்கும் ஒரே நூல், எல்லாரும் இருக்கும்போது, ஆசிரியரின் குரலில் முதலில். வசைச்சொல் வரும் இடத்தை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டு, அதைப் படிப்பதா கடப்பதா என்று முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். எந்தப் பிள்ளையிடமும் 'உங்கள் பக்கம் இப்படித்தானா?' என்று கேட்கக் கூடாது. பிள்ளையே பேச வந்தால் பேசட்டும். கதை முடிந்ததும் கேள்வித்தாள் கொடுக்கக் கூடாது. அடுத்த வாரம் அதே பீரியடில் பறவைகளின் பின்னால் திரியும் அந்தக் கரிசல் சிறுவனையோ ஒரு துப்பறியும் கதையையோ படிக்கலாம்.